மிளகாய் நாற்றுமேடையில் நான் செய்த பிழை

ஆவணி பிறந்ததும் உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையிலும் மாரி நடுகைக்காக மிளகாய் நாற்றுமேடைகள் எழும்பத் தொடங்கிவிடும். புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவர்களின் மேடைகளைப் பார்க்கும்போது, இருபது வருடங்களுக்கு முன்னர் நான் செய்த பிழைகளை யாரோ திரும்பச் செய்துகாட்டுவதுபோல் இருக்கிறது. காலாவதியான விதையை வாங்கக்கூடாது என்பதையெல்லாம் பொதியே சொல்லிவிடுவதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊறிய விதையைக் காயவிடுதல்

உலர்ந்த விதை எத்தனை மாதமும் பொறுத்திருக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சி உப்பியதும் அது வேகமாக மூச்சுவிடத் தொடங்கி, தன்னுள் சேமித்திருந்த உணவைக் கரைத்து வேருக்கு அனுப்புகிறது. வேர் வெளியே வருமுன் மேடை சற்றுக் காய்ந்தால் பெரும்பாலான விதைகள் தப்பிக்கொள்ளும். தோலைக் கிழித்து வேர் எட்டிப்பார்த்த பின்னர் காய்ந்தால், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை.

நான் ஐந்து நாட்கள் ஒழுங்காகத் தண்ணீர் விட்டேன். ஆறாம் நாள் காலையில் தம்பலகாமத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய், மறுநாள் பின்னேரம் திரும்பியபோது, கச்சான் காற்றில் மேடை மணல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. மேலும் பத்து நாட்கள் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்துவிட்டு, விதை விற்றவரிடம் போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் பதில் பேசாமல், பொதியில் எஞ்சியிருந்த விதைகளில் இருபதை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, ஒரு சிரட்டையில் வைத்துத் தந்தார். ஒன்பதாம் நாள் பிரித்துப் பார்த்தேன், பதினேழு முளைத்திருந்தன. அதன் பிறகுதான் மேடையைக் கிளறினேன்: விதைகளின் நுனியில் கபில நிறத்தில், நூலைப் போன்ற வேர்கள் கருகிக் கிடந்தன. விதைக்குச் செலவழித்த காசு போனதோடு, மழைக்கு முன் நடும் பருவமும் கைநழுவியது.

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தப் பிழைதான். சென்ற வாரம் பக்கத்து வளவுத் தம்பியிடம் கேட்டபோது, "நேற்று ஒருநாள்தானே அண்ணை விடேல்லை" என்றார். மிளகாய் விதை அரைச் சென்றிமீற்றர் ஆழத்தில்தான் கிடக்கிறது; கீழ்மண் ஈரமாக இருப்பதால் அதற்கு எந்த நன்மையும் இல்லை. எங்கள் மணலில் காலையும் மாலையும், காற்றுக் கடுமையாக இருந்தால் மத்தியானத்திலும், பூவாளியால் மெல்லத் தெளிக்க வேண்டும். வைக்கோலை மெல்லிதாகப் பரப்பினால் ஈரம் தங்கும். ஆனால் முதல் நாற்றுத் தலைகாட்டிய அன்று மாலையே அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்றுகள் வெளிறி நீண்டுவிடும். வெளியூர் போக வேண்டியிருந்தால் விதைப்பைத் தள்ளிப்போடுங்கள், அல்லது வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் பூவாளியை ஒப்படையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கடித்தல்

காய்ந்துவிடும் என்ற பயத்தில் மேடையைச் சேறாக்குகிறவர்களும் உண்டு. விதைக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் துளைகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டால் அது மூச்சு முட்டி அழுகும், தப்பி முளைத்த நாற்றும் அடியழுகலில் சாயும். பாகல் விதையை ஓரிரவு ஊறவைப்பது நல்லது. இரண்டு நாட்கள் ஊறவைப்பது கெடுதல்.

உவர்க் கிணறு

கடலோரக் கிணறுகள் வெயில் காலத்தில் உவர்க்கும். உப்புக் கரைந்த தண்ணீரை விதை உறிஞ்சுவது கடினம். நாக்கில் உவர்ப்புத் தட்டினால் நாற்றுமேடைக்கு வேறு தண்ணீர் பாருங்கள்.

ஆழம்

விதையின் தடிப்பைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அவ்வளவுதான்.

சலாது

ஆவணியில் விதைக்காதீர்கள். வெப்பநிலை 30 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான சலாது விதைகள் முளைக்க மறுக்கும். மார்கழிக் குளிரில், மேலே மண் மூடாமல் தூவுங்கள், அதற்கு வெளிச்சமும் வேண்டும்.

எஞ்சிய விதை

தகரக் கூரைக்குக் கீழே, பசளைப் பைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சேமிக்கும் இடத்தின் வெப்பநிலை 5 பாகை குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. நன்றாக உலர்த்தி, மூடி இறுகிய போத்தலில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், போத்தலின் குளிர் தணிந்த பிறகு திறந்தால் உள்ளே நீர் வியர்க்காது.