குழந்தையின் மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள்

ரிக்கெட்ஸ், அதாவது பெரும்பாலும் வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் எலும்பு மென்மையாகிவிடும் நோய் என்றதும் வளைந்த கால்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் குழந்தை நடக்கத் தொடங்கும் முன்பே அது வேறு இடங்களில் தெரிந்துவிடும். குளிப்பாட்டும்போது மணிக்கட்டைத் தடவிப் பாருங்கள். எலும்பு முனை புடைத்து, அகலமாக இருக்கிறதா? விலா எலும்புகள் மார்பின் முன்பக்கம் முடியும் இடத்தில் மணி கோத்த மாதிரி வரிசையாக முண்டு தட்டுப்படுகிறதா? உச்சிக்குழி 18 மாதம் தாண்டியும் மூடவில்லையா? பல் முளைக்கவும் உட்காரவும் ரொம்பத் தாமதமாகிறதா? இதில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ரத்தப் பரிசோதனையும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் எடுத்தால் தெரிந்துவிடும். சரி, கால் லேசாக வளைந்திருந்தால்? 2 வயது வரை அது பெரும்பாலும் இயல்புதான், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

தாய்ப்பாலுக்கு ஈடே இல்லை. ஆனாலும் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. இதைத் தாயின் குறையாக யாரும் சொல்லிவிடக் கூடாது, எல்லாத் தாய்ப்பாலும் அப்படித்தான். அதனால் பிறந்த சில நாட்களிலிருந்தே, ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள். அளவில்தான் கவனம் வேண்டும். ஒரு மருந்தில் 1 மில்லியில் 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் ஒரே சொட்டில் இருக்கும். பாட்டிலை மாற்றினால் லேபிளைப் படித்துவிட்டு, அதனுடன் வந்த டிராப்பரிலேயே கொடுங்கள். கூடினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

அப்புறம், மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே விழும் வெயிலில் வைட்டமின் டி உருவாகாது.