‘ராத்திரி 9.30-க்கு கரண்ட் கட்’ என்று மெசேஜ் வந்தால்

“போன மாத பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், அதிகாரியை அழைக்கவும்.” பாளையங்கோட்டையோ அம்பையோ, இந்த மெசேஜ் வந்தால் அனுப்பியவர் யாரென்று பாருங்கள். சாதாரண பத்து இலக்க நம்பர். உங்கள் மின் இணைப்பு எண் அதில் இருக்காது.

பதறிக் கூப்பிட்டால், “பத்து ரூபாய் கட்டி அப்டேட் பண்ணுங்க அண்ணாச்சி” என்று மோசடிக்காரர்கள் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) அனுப்புவார்கள். எஸ்எம்எஸ் படிக்க அது அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி நேரே அவர்கள் கைக்குப் போய்விடும். பில் பாக்கியை மின்வாரிய ஆப்பிலோ செக்‌ஷன் ஆபீஸிலோ மட்டும் பாருங்கள்.

ஃபைலை ஏற்றிவிட்டீர்களா? உடனே ஏரோபிளேன் மோடு போடுங்கள். வேறு போனில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.