வட சென்னை வீட்டை ஆன்லைனில் விற்க: விளம்பரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர், வியாசர்பாடிப் பக்கம் வீடு தேடுகிறவர் எடுத்ததும் கேட்பது மூன்று: டாக்குமென்ட் கிளியரா, மழைக்குத் தண்ணி நிக்குமா, தெருவுக்குள்ள கார் வருமா. இந்த மூன்றுக்கும் விளம்பரத்திலேயே பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் போன் வந்துகொண்டே இருக்கும், வீடு பார்க்க ஆள் வராது.

அதனால் முதல் வேலை ஃபைலைச் சரிபார்ப்பது. பத்திரம், தாய்ப்பத்திரம் (உங்களுக்கு முந்தைய உரிமையாளரின் பத்திரம்), பட்டா, பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் நீங்களே எடுக்கலாம். 30 வருடத்துக்கு எடுங்கள், வாங்குகிறவரின் வங்கி வக்கீல் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார். அதில் பழைய அடமானம் நிற்கிறதா என்று பாருங்கள். கடனை அடைத்துவிட்டு ரசீது ஆவணம் பதியாமல் விட்டவர்கள் நிறைய. அந்தப் பதிவு வரும்வரை வில்லங்கத்தில் கடன் அப்படியே தெரியும். பட்டா இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் மாற்றிவிட்டு விளம்பரத்துக்கு வாருங்கள். குடிசை மாற்று வாரிய (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கீடு வீடு என்றால் வாரியத்தின் விற்பனைப் பத்திரம் கைக்கு வராமல் போடவே போடாதீர்கள். அடிமனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் உங்களுடையது என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தெரியவந்தால் அது சண்டையில்தான் முடியும்.

அடுத்தது அளவு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தனி வீட்டுக்கு மனை அளவு, கட்டட அளவு இரண்டையும் எழுதுங்கள். ஃபிளாட்டுக்கு பில்டப் (சுவரும் சேர்ந்த அளவு), கார்ப்பெட் (சுவருக்குள் புழங்கும் அளவு), யுடிஎஸ் (மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) மூன்றும் தேவை. ஒரு கிரவுண்டில் மொத்தம் 4,800 சதுர அடி கட்டியிருந்தால், 800 சதுர அடி ஃபிளாட்டுக்குச் சராசரியாக 400 சதுர அடி யுடிஎஸ் வரும். பத்திரத்தில் அதைவிடக் குறைவாக இருந்தால் பத்திரத்தில் உள்ள எண்ணைத்தான் போட வேண்டும். பழைய கட்டடம் வாங்குகிறவர் யுடிஎஸ்ஸைப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

இடத்தைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ‘மெயின் ரோட்டுக்கு அருகில்’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த ஸ்டேஷனிலிருந்து நடந்து எத்தனை நிமிடம் என்று நீங்களே நடந்து பார்த்து எழுதுங்கள். நடுவில் ரயில்வே கேட் இருந்தால் அதையும் சேருங்கள். ஏரியாப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி தட்டுவார்கள். டோண்டியார்பேட், தண்டையார்பேட்டை இரண்டு எழுத்துக்கூட்டலும் விளம்பரத்துக்குள் இருந்தால்தான் தேடலில் அகப்படும்.

மாதிரிக்கு ஒன்று: “புது வண்ணாரப்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்து 7 நிமிடம். முதல் மாடி, 2 பெட்ரூம், பில்டப் 800, கார்ப்பெட் 620, யுடிஎஸ் 400. கிழக்குப் பார்த்த வாசல். தெரு 18 அடி. மெட்ரோ வாட்டர், போர் இரண்டும் உண்டு. 2009 கட்டடம், பிளான் அப்ரூவல் இருக்கிறது, பேங்க் லோன் கிடைக்கும். 2023 மிக்ஜாம் மழையில் தெருவில் முழங்கால் அளவு நின்றது, கார் பார்க்கிங்கில் ஏறவில்லை.”

கடைசி வரியை எழுதப் பலருக்கும் மனம் வராது. எழுதுங்கள். வாங்க வருகிறவர் பக்கத்து டீக்கடையில் அதைத்தான் விசாரிக்கப் போகிறார்; நீங்கள் எழுதியதையே அவர்களும் சொன்னால் மற்ற விவரங்களையும் நம்புவார். தெருவின் அகலத்தையும் உத்தேசமாகச் சொல்லாதீர்கள். குறுகலான இடத்தில் சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்து போடுங்கள்.

போட்டோ 12 முதல் 15 போதும். போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, நெஞ்சு உயரத்தில், அறையின் மூலையில் நின்று எடுங்கள். கிழக்கு வாசலைக் காலையிலும் மேற்கு வாசலை மாலையிலும் எடுத்தால் முகப்பு இருட்டாக விழாது. கொடியில் காயும் துணி, சாமி படம், சுவரில் மாட்டிய குடும்பப் படம் எதுவும் ஃபிரேமில் வேண்டாம். சம்பு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), இபி மீட்டர், மொட்டைமாடிக்குத் தலா ஒரு படம். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் உப்புக்காற்றுக்குக் கம்பி துருப்பிடித்துச் சீலிங் காரை பெயரும். வருகிறவர் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். ரிப்பேர் செய்து சீலிங்கைத் தெளிவாக எடுத்துப் போடுங்கள். வெறும் பெயின்ட் அடித்து மறைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி விரிசல் விடும். வீடியோ ஒரு நிமிடம், தெருமுனையிலிருந்து வெட்டாமல் வாசல் வரை நடந்து வந்து உள்ளே நுழையுங்கள்.

மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர், ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் எல்லாவற்றிலும் ஒரே விலை, ஒரே அளவு இருக்கட்டும். ஒன்றில் 62 லட்சமும் இன்னொன்றில் 58 லட்சமும் தெரிந்தால் பேரம் 58-லிருந்துதான் தொடங்கும். காசு கொடுத்து ஃபேஸ்புக் விளம்பரம் போட்டால் வீட்டைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வையுங்கள். இங்கே வாங்குகிறவர்களில் பலர் அம்மா வீட்டுக்கோ கடைக்கோ பக்கத்தில் தேடுகிற உள்ளூர்க்காரர்கள்.

பில்டரும் புரோக்கரும் கவனிக்க வேண்டியது ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ 8 வீட்டுக்கு மேல் கட்டினாலோ, பதிவு எண் வாங்காமல் விளம்பரமே செய்யக்கூடாது. அந்த எண்ணும் ரெரா தள முகவரியும் விளம்பரத்தில் இருந்தாக வேண்டும்.

விலை கேட்பவரிடம் பதிவுச் செலவையும் சொல்லிவிடுங்கள். மறுவிற்பனைக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். வாங்குகிறவர் கணக்கில் இதை விட்டுவிட்டால் பேச்சு கடைசி நேரத்தில் முறியும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் உங்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது) பிடிப்பார் என்பதை நீங்களும் கணக்கில் வையுங்கள்.

பத்திரத்தையோ ஆதாரையோ வாட்ஸ்அப்பில் முழுசாக அனுப்பாதீர்கள். நேரில் வந்து வீட்டைப் பார்த்தவருக்கு மட்டும், குறுக்கே அவர் பெயரும் தேதியும் எழுதிய ஜெராக்ஸ் கொடுங்கள். வீட்டையே பார்க்காமல், ராணுவத்தில் இருக்கிறேன், உடனே அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் என்பவர் மோசடிக்காரர். பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

விற்றதும் எல்லாத் தளத்திலும் விளம்பரத்தை நீக்குங்கள். பிறகு தெருப் பெயரைப் போட்டு ஒருமுறை தேடுங்கள். உங்கள் போட்டோவை எடுத்துக் குறைந்த விலையில் வேறு யாராவது போட்டிருந்தால் அந்தத் தளத்தில் புகார் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.