அடிபட்ட பிறகும் ஆடலாமா? களத்திலேயே முடிவெடுப்பது எப்படி

2002 மே மாதம், ஆன்டிகுவா டெஸ்ட். பேட்டிங் செய்துகொண்டிருந்த கும்ப்ளேயின் தாடையை மெர்வின் டில்லனின் பவுன்சர் உடைத்துவிட்டது. தலையோடு சேர்த்து தாடையை இறுக்கிக் கட்டிய வெள்ளைக் கட்டோடு இறங்கி, ஒரே மூச்சில் 14 ஓவர் போட்டார், லாராவை எல்பிடபிள்யூ ஆக்கினார், மறுநாள் அறுவைசிகிச்சைக்காக பெங்களூருக்கு விமானம் ஏறினார். அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த நம்மில் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் "வலித்தால் வெளியே சொல்லாதே, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடு" என்பதுதான். கும்ப்ளே எதையும் மறைக்கவில்லையே! எந்த எலும்பு உடைந்தது என்று அணிக்கே தெரியும், இந்த ஆட்டத்தோடு ஊருக்குப் போகிறார் என்பதும் தெரியும். அதோடு ஒரு லெக் ஸ்பின்னருக்கு வேண்டியது விரல், மணிக்கட்டு, தோள், ஊன்றி நிற்கக் கால். தாடையால் யாரும் பந்து போடுவதில்லை. வலி உயிர் போயிருக்கும், ஆனால் செய்ய வேண்டிய வேலைக்கு அந்தக் காயம் குறுக்கே நிற்கவில்லை.

வார இறுதியில் லீக் ஆடுகிறவர்களுக்காகவும், பிசியோ (அணியின் காயங்களைக் கவனிக்கும் நிபுணர்) என்ற பெயரையே டிவியில் மட்டும் கேட்டவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அடிபட்ட அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது மட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பதுதான் விஷயம்.

தலையில் பட்டால் பேச்சே கிடையாது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதில் எல்லாம் யோசித்து முடிவெடுக்க இடம் உண்டு, இதில் இல்லை. தலையிலோ கழுத்திலோ ஹெல்மெட்டிலோ பந்து பலமாகப் பட்டு, அதன்பிறகு தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பார்வை மங்கல், தள்ளாட்டம், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, ஸ்கோர் மறந்துபோவது, கேட்ட கேள்விக்கு மெதுவாகப் பதில் வருவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "இப்ப சரியாயிடுச்சு" என்று அவரே சொன்னாலும் முடிந்தது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மூளையில் பட்ட அடி சில நேரம் தாமதமாகத்தான் தன்னைக் காட்டும். 2019 லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் இருந்தபோது ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டது. வெளியே போனார், பரிசோதனைகளில் தேறினார், திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்தன. ஆட்டத்திலிருந்து விலகினார், அடுத்த டெஸ்டையும் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரர், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவருக்குப் பதிலாக இறங்குபவர். பக்கத்திலேயே டாக்டர் நின்ற ஆட்டத்திலேயே இப்படி. 1998-ல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் நின்ற ரமண் லாம்பா, தலையில் பந்து பட்ட பிறகு தானே நடந்துதான் வெளியே போனார். மூன்று நாளில் இறந்துவிட்டார்.

அதனால் தலையில் அடிபட்டவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள், வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரை கொடுக்காதீர்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால் ஆளை அசைக்கக் கூடாது, ஆம்புலன்ஸ் வரட்டும். உடைந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மற்ற காயங்களில் பார்க்க வேண்டியது

சரி, தலை இல்லை. கை, கால், விரல், விலா. இங்கே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து நான் செய்ய வேண்டிய வேலைக்கு இந்த உறுப்பு தேவையா?

1984 ஹெடிங்லி டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டிங் செய்யும்போது மால்கம் மார்ஷலின் இடது கட்டைவிரல் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. லாரி கோம்ஸ் சதத்தை நெருங்கியிருந்த நேரம், அவருக்குத் துணை நிற்கக் கடைசி ஆளாக இறங்கி ஒற்றைக் கையால் ஆடினார், ஒரு பவுண்டரியும் அடித்தார், கோம்ஸ் சதம் போட்டார். அப்புறம் இடது கையில் மாவுக்கட்டோடு பந்து வீசி 53 ரன்னுக்கு 7 விக்கெட். அவர் வலதுகைப் பந்துவீச்சாளர்! ரிஷப் பந்தும் அப்படித்தான். 2025 மான்செஸ்டரில் பாத எலும்பு முறிந்து 37 ரன்னில் வெளியே போனவர், மறுநாள் நொண்டிக்கொண்டே வந்து 54 வரை கொண்டு போனார். ஆனால் கீப்பிங் செய்யவில்லை, அதை ஜுரெல் பார்த்துக்கொண்டார். நின்று ஆடலாம், ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழ முடியாது. உங்கள் காயத்தையும் இப்படி வேலை வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

விரலில் இருந்து தொடங்குகிறேன், கிரிக்கெட்டில் தினமும் அடிபடுவது அதுதான். கிளவுஸைக் கழற்றுங்கள். மோதிரம் இருந்தால் அந்த நொடியே கழற்றிவிடுங்கள், பத்து நிமிடம் கழித்து வீக்கத்தில் வராது. விரல் கோணலாக இருக்கிறதா, மற்ற விரல்களோடு சேர்த்து மடக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா, நுனி மரத்திருக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் நேராக எக்ஸ்ரே. மூட்டு விலகியிருந்தால் "நான் இழுத்து விடுறேன் மச்சி" என்று வருகிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள், உள்ளே முறிவும் சேர்ந்திருந்தால் இழுப்பது இன்னும் கெடுக்கும்.

வீக்கம் மட்டும்தான், முழுதாக மடங்குகிறது, முழுதாக நிமிர்கிறது என்றால் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போட்டு ஆடலாம். இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு துண்டு காஸ் துணி (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) அல்லது பஞ்சு வையுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் தோல் ஊறி உரிந்துவிடும். டேப்பை மூட்டின் மேல் சுற்றாமல், மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. சுற்றியபின் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லையா, டேப் இறுக்கம், பிரித்துத் திரும்பச் சுற்றுங்கள்.

நுனி மூட்டை மட்டும் தனியாகச் சோதியுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாயின்ட்டில் நின்றபோது ஒரு கட் ஷாட் என் மோதிர விரலின் நுனியில் நேராக வந்து குத்தியது. வலி பெரிதாக இல்லை, நுனி மட்டும் லேசாகத் தொங்கியது, நானாக நிமிர்த்த முடியவில்லை, மற்ற கையால் தூக்கினால் நிமிர்ந்தது. வெறும் வீக்கம் என்று நினைத்து அன்றைக்கும் ஆடி, அடுத்த இரண்டு வாரமும் ஆடினேன். நுனியை நிமிர்த்தும் தசைநார் அறுந்திருக்கிறது என்று மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. உடனே போயிருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் விரலை நேராக வைத்து ஒரு சிறு கட்டு, அவ்வளவுதான். இன்றைக்கும் சட்டைப் பொத்தான் போடும்போது அந்த விரல் நுனி வளைந்தே நிற்கிறது. வலி குறைவாக இருந்தால் காயம் சிறியது என்று நினைக்காதீர்கள்.

கணுக்கால் பிசகினால் ஷூவை அவிழ்க்கும் முன்பே நான்கு எட்டு வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டால் துடிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், 'சுளீர்' என்று பிடித்தால் நடந்து பாருங்கள், பிறகு மெதுவாக ஓடிப் பாருங்கள், வேகமாக ஓடிப் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். பாதி கிழிந்த தசை முழுதாகக் கிழிவது அந்தக் கடைசி ஓட்டத்தில்தான். பந்துவீச்சை விட்டுவிட்டு ஸ்லிப்பில் நிற்கலாம், பேட்டிங்கில் நின்று தடுத்து ஆடலாம், அவ்வளவுக்குத்தான் அந்தக் கால் தாங்கும். விலாவில் பட்டு மூச்சு இழுத்தாலே குத்துகிறது என்றால் ஆட்டத்தை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது, இரண்டு மூன்று வாரமாகப் போகவில்லை என்றால் அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். அதோடு ஓடிவந்து போடுவதில் ஒரு வீரமும் இல்லை. பும்ராவே முதுகால் 2022 டி20 உலகக் கோப்பையை விட்டுவிட்டு, அறுவைசிகிச்சை செய்துகொண்டு, 2023 ஆகஸ்டில்தான் திரும்பினார்.

வெயிலும் காயம்தான். 1986 சென்னை டெஸ்டில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார், முடித்ததும் மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். அந்த இன்னிங்ஸை நான் கும்பிடுகிறேன், ஆனால் என் அணிப் பையன் யாராவது அந்த நிலையில் இருந்தால் நானே போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவேன். பேச்சு குழறுகிறது, ஆள் குழம்புகிறார் என்றால் நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆடுவது என்று முடிவெடுத்தால்

முதல் வேலை கேப்டனிடம் முழுதாகச் சொல்வது. "பரவாயில்லண்ணா, ஆடிடுவேன்" என்பதை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "அண்ணா, இடது கை நடுவிரல் வீங்கியிருக்கு, மடங்குது. கேட்ச் பிடிக்க முடியாது, ஸ்லிப்ல வேண்டாம். பேட்டிங்ல ஏழாவதா வர்றேன்." இப்படிச் சொன்னால் அவர் ஃபீல்டை மாற்றுவார், வரிசையை மாற்றுவார்.

பார்ட்னரிடமும் சொல்லுங்கள். 2021 ஜனவரி, சிட்னி. விகாரிக்கு ஹாம்ஸ்ட்ரிங் போய்விட்டது, அஸ்வினுக்கு அன்று காலை ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாத முதுகுவலி. ஒருவருக்கு எதை ஆடுவது கஷ்டம், இன்னொருவருக்கு எது கஷ்டம் என்று வெளிப்படையாகப் பேசிக்கொண்டு, ஓட வேண்டிய ரன்களை விட்டுவிட்டு நின்றார்கள். விகாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, இருவரும் அவுட் இல்லை, ஆட்டம் டிரா. வெளியே ஜடேஜா இடம் பெயர்ந்த கட்டைவிரலோடு பேடு கட்டி உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த மிகத் துணிச்சலான மாலை அது, அதில் ஒருவர்கூட இன்னொருவரிடம் வலியை ஒளிக்கவில்லை.

வேலையைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். 2009 சிட்னியில் கிரேம் ஸ்மித் முறிந்த கையோடு கடைசி ஆளாக இறங்கியது ரன் அடிக்க இல்லை, பந்தைத் தடுக்க. 17 பந்து தடுத்தார், இன்னும் பத்து பந்து மிச்சம் இருந்தபோது போல்டு ஆனார். வலியோடு இருக்கும்போது "சீக்கிரம் அடித்து முடித்துவிடலாம்" என்று மனசு இழுக்கும், அதைக் கவனியுங்கள். 1999 சேப்பாக்கத்தில் முதுகுவலியோடு 136 வரை கொண்டுவந்த சச்சின், 17 ரன் மிச்சம் இருக்கும்போது தூக்கி அடித்து கேட்ச் ஆனார், 12 ரன்னில் தோற்றோம். அந்த வலியோடு அவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்பது வேறு. ஆனாலும் அந்த மாலை இன்னும் வலிக்கிறது.

விதிகளும் உங்களுக்கு உதவும், பலருக்குத் தெரிவதில்லை. ரிட்டயர்டு ஹர்ட் ஆனால், அதாவது அவுட் ஆகாமல் காயத்தால் பேட்டிங்கை விட்டு வெளியே போனால், ஒரு விக்கெட் விழுந்ததும் திரும்ப வரலாம், அதற்கு எதிரணியின் சம்மதம் தேவையில்லை. ரன்னர் (அடிபட்ட பேட்ஸ்மேனுக்காக ஓடுபவர்) சர்வதேச ஆட்டங்களில் 2011-லிருந்து கிடையாது, கிரிக்கெட்டின் அடிப்படை விதிகளை எழுதும் எம்சிசியின் விதிகளில் இன்னும் உண்டு, உங்கள் லீக் அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஃபீல்டிங்கில் பந்து பட்டு வெளியே போனால் திரும்பி வந்ததும் பந்து வீசலாம், தசைப்பிடிப்புக்காகப் போனால் வெளியே இருந்த நேரத்துக்கு ஈடாகக் காத்திருக்க வேண்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். உடம்பு 'போதும்' என்று சொல்வதைக் கேட்கும் காதை நாமே அடைத்துக்கொள்வது அது. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் ஒருமுறை பாருங்கள்: வலி கூடுகிறதா, அதே அளவா? கூடினாலோ, உங்களை அறியாமல் நடையோ ஆக்‌ஷனோ மாறினாலோ, கையைத் தூக்கிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், பிறகு எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. அடிபட்ட இடத்தை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவுவது, சூடு ஒத்தடம், இரண்டும் கூடாது. எத்தனை மணிக்கு, எப்படி, எந்தப் பக்கத்திலிருந்து பட்டது, அப்போது ஏதாவது சத்தம் கேட்டதா என்று போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். மறுநாள் காலையில் எழுந்ததும் அதே இடத்தை மெதுவாக மடக்கி நீட்டிப் பாருங்கள். நேற்றைவிட மோசம் என்றால் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு எக்ஸ்ரேவுக்குப் போங்கள், அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு வர முடியுமா என்று கேப்டனிடம் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.