ஐப்பசி என்று சொன்னால் மதிப்பெண் எத்தனை?

பக்கவாதம் எவ்வளவு கடுமை என்று அளக்க ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது என்.ஐ.எச்.எஸ்.எஸ். அளவுகோல். 0 முதல் 42 வரை. மதிப்பெண் ஏற ஏறப் பாதிப்பு அதிகம். அமெரிக்காவில் உருவான இதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி டெல்டா கிராமங்களில் கேட்பதுதான் பெரிய தவறு.

அதில் இரண்டு கேள்விகள்: இது என்ன மாதம்? உங்களுக்கு என்ன வயது? திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் "ஐப்பசி" என்பார். வயதைக் கேட்டால், "52 புயல் அடிச்சப்ப நான் கைக்குழந்தை" என்பார். கிட்டத்தட்டச் சரி என்றால் சலுகை கிடையாது என்பது விதி. இரண்டும் சரி என்று ஒரு மருத்துவர் 0 போடுவார், இரண்டும் தவறு என்று இன்னொருவர் 2 போடுவார். பெரியவரின் மூளை அதேதான். நம் அளவுகோல்தான் ஆடுகிறது. தமிழ் மாதம் சரியா, வயதை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று முதல் நோயாளியைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். எல்லோரும் அதன்படியே போட வேண்டும்.

நோயாளி பார்த்துப் பெயர் சொல்ல வேண்டிய படங்களில் கையுறை, வலை ஊஞ்சல் எல்லாம் உண்டு. நாற்று நட்டே வாழ்ந்த அம்மா வலை ஊஞ்சலைத் "தூளி" என்றால் அது பேச்சுக் கோளாறா? படங்களை மாற்றலாம், தப்பில்லை. ஆனால் அதே ஊரில் வாதம் வராதவர்களிடம் முதலில் காட்டிப் பாருங்கள். அவர்களும் தடுமாறினால் கோளாறு படத்தில்தான்.

அப்புறம் கை கால். கையை 10 விநாடி, காலை 5 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். உத்தேசமாகப் பார்த்துவிட்டு நகராதீர்கள், வாய்விட்டு எண்ணுங்கள்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. 42-இல் 7 வரை மொழி சார்ந்தவை; மொழி பெரும்பாலும் இடது மூளையின் வேலை. வலது மூளை பாதித்தால் அதிகம் வரும், ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடும் கோளாறுக்கு 2-தான். அதனால் வலது மூளைப் பாதிப்பு குறைவாகத் தெரியும். சிறுமூளையில் வரும் பக்கவாதத்தில் உட்காரவே முடியாதவர்கூட 0 வாங்கலாம். உட்காரவும் நடக்கவும் வைத்துப் பார்த்துத் தனியாகக் குறியுங்கள்.

மூன்று மாதம் கழித்து, அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று அளக்கும் ரேங்கின் அளவுகோலில் பார்க்கும்போது வேறு சிக்கல். "அப்பாவை நாங்க எதையும் செய்ய விடுறதில்லை" என்பார் மகன். செய்வதில்லை என்பது வேறு, முடியாது என்பது வேறு. அங்கே மகனிடம் கேட்க வேண்டியது இது: வீட்டில் ஒரு நாள் யாருமே இல்லையென்றால், அப்பா தானே குளித்து, சோறு போட்டுச் சாப்பிட்டு, கடைத்தெரு வரை போய் வந்துவிடுவாரா?