சிறுவர் பேஸ்பால் லீக் ட்ரைஅவுட்: பதிவு முதல் அணி ஒதுக்கீடு வரை

அமெரிக்காவில் பிள்ளையை முதன்முறையாகப் பேஸ்பால் லீக்கில் சேர்க்கும் பெற்றோர் பலர், பிள்ளைகளின் ஆட்டத் திறனைப் பார்க்கும் ட்ரைஅவுட் நாளை ஒரு நுழைவுத் தேர்வு நாளாகவே எண்ணிக் கலங்குகிறார்கள். ஊர் அளவில் தன்னார்வலர்கள் நடத்தும் லீக்குகளைப் பொறுத்தவரை இந்தக் கலக்கத்திற்குப் பெரும்பாலும் காரணமில்லை. உரிய காலத்தில் பதிவு செய்த பிள்ளைகளுக்கு ஏதாவது ஓர் அணியில் இடம் கிடைத்துவிடும். எந்தப் பிரிவில், எந்த மேனேஜரின் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) கீழ் என்பதைத்தான் ட்ரைஅவுட் தீர்மானிக்கிறது. திறமையான பிள்ளைகள் எல்லோரும் ஒரே அணியில் குவிந்துவிட்டால் மற்ற அணிகளுக்கு அந்தப் பருவம் முழுவதும் ஆட்டம் கசந்துவிடும் என்பதால், ஒவ்வொருவரின் திறனையும் முன்கூட்டியே பார்த்து அணிகளைச் சமமாகப் பிரிப்பதற்காக ஏற்பட்ட முறை இது. பணம் கட்டி ஊர் ஊராகச் சென்று ஆடும் டிராவல் அணிகளின் கதை வேறு. அங்கே உண்மையாகவே ஆள் கழிக்கப்படும். அதைப் பின்னர் பார்ப்போம்.

1939ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக்தான் இவ்வமைப்புகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது. பேப் ரூத் லீக், போனி போன்றவையும் பல ஊர்களில் இயங்குகின்றன. வயது வரம்பும் மைதான அளவும் அமைப்புக்கு அமைப்பு மாறும் என்பதால், இக்கட்டுரையில் வரும் அளவுகளும் விதிகளும் லிட்டில் லீக்கைச் சார்ந்தவை என்று கொள்ளவும். பெண் பிள்ளைகளும் 1974 முதல் இதில் ஆடலாம். அவர்களுக்கென்று தனி ட்ரைஅவுட் கிடையாது.

பருவம் வசந்த காலத்தில் தொடங்குவதால் பதிவு குளிர்காலத்திலேயே நடந்து முடிந்துவிடும்; ட்ரைஅவுட் பல ஊர்களில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஏதோ ஒரு வார இறுதியில் வரும். பதிவின்போது பிறப்புச் சான்று, லீக் எல்லைக்குள் குடியிருப்பதற்கோ அங்குள்ள பள்ளியில் படிப்பதற்கோ உரிய ஆதாரம், மருத்துவ ஒப்புதல் படிவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். இங்கே பெற்றோர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பிள்ளையின் இன்றைய வயதை வைத்துப் பிரிவு தீர்மானிக்கப்படுவதில்லை; அந்த ஆண்டின் ஆகஸ்ட் 31ஆம் நாளன்று எத்தனை வயது நிறைந்திருக்கும் என்பதே லீக் வயது. பிப்ரவரியில் 9 வயதாக இருக்கும் பிள்ளை ஜூலையில் பிறந்த நாள் கொண்டாடுமானால், அதன் லீக் வயது 10. பொதுவாக 4 முதல் 7 வயதினர், கம்பின் மேல் வைத்த பந்தை அடிக்கும் டீ பால் ஆடுவார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் ட்ரைஅவுட் இருக்காது. அதற்கு மேலே மைனர் பிரிவும், 9 முதல் 12 வயது வரையிலான மேஜர் பிரிவும் உள்ளன. 9, 10, 11 வயதுப் பிள்ளைகள் இவ்விரண்டில் எதிலும் சேரக்கூடியவர்கள் என்பதால், ட்ரைஅவுட்டின் பாரம் முக்கியமாக அவர்கள் மீதுதான் விழுகிறது. லீக் வயது 12 ஆனவர்கள் விதிவிலக்கு பெற்றாலன்றி மேஜர் பிரிவிலேயே ஆடுவார்கள்.

அன்றைய தினம் வரும் பிள்ளையின் முதுகில் ஓர் எண் குத்தப்படும். மேனேஜர்கள் கையில் அட்டையும் மதிப்பெண் தாளுமாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பல லீக்குகளில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். கோட்டை விட்ட பந்துக்காக யாரும் பெயர் சொல்லி விமர்சிக்க மாட்டார்கள். அதே சமயம் எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லவும் மாட்டார்கள். குளிர் மிகுந்த வட மாநிலங்களில் இது பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலேயே நடக்கலாம். மரத் தரையில் பந்து புல்தரையைவிட வேகமாக எழும்பி வரும் என்பதையும், ரப்பர் அடி கொண்ட சாதாரணக் காலணியே அங்கு தேவைப்படும் என்பதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

பெரும்பாலும் முதலில் பார்க்கப்படுவது தரையோடு வரும் பந்தைத் தடுத்து எறியும் திறன். பிள்ளையை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) நிற்கும் இடத்தில் நிறுத்தி, சில பந்துகளை அடித்தோ உருட்டியோ விட்டு, அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியச் சொல்வார்கள். பந்து கையில் சிக்கியதா என்பதைவிடப் பிள்ளையின் கால்கள் பந்துக்கு நேரே நகர்ந்தனவா, கிளவ் (பந்து பிடிக்கும் தோல் கையுறை) தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்ததா, மற்றொரு கை துணைக்கு வந்ததா என்பவற்றையே அனுபவமுள்ள மேனேஜர் பார்ப்பார். பந்து நழுவினால் தலை குனிந்து நிற்காமல் ஓடிப்போய் எடுத்து எறிந்து முடிக்கும் பிள்ளைக்கு, நழுவ விடாமல் பிடித்துவிட்டுச் சோம்பலாக எறியும் பிள்ளையைவிட அதிக மதிப்பெண் விழுவதுண்டு. உயரப் பந்துக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தால் போதும்: பந்து கிளம்பியதும் முதல் அடியைப் பின்னோக்கி வைக்க வேண்டும், முன்னால் ஓடி வருவது எளிது, தலைக்கு மேலே போன பந்தைத் திரும்பி ஓடிப் பிடிப்பது கடினம்.

அடிக்கும் பகுதியில் ஒரு பயிற்சியாளரோ பந்து எறியும் இயந்திரமோ சுமார் பத்துப் பந்துகள் வரை போடும். ஆட்டத்தில் நான்கு கெட்ட பந்துகளை விட்டால் நடந்தே பேஸுக்குப் போகலாம். ட்ரைஅவுட்டில் அந்த வசதி இல்லை. ஆகவே நல்ல பந்துக்காகக் காத்துக் காத்து மட்டையைத் தோளிலேயே வைத்திருக்கும் பிள்ளை தன் திறமையைக் காட்டாமலேயே வெளியே வந்துவிடும். எட்டக்கூடிய பந்து எதுவானாலும் முழு வீச்சில் அடிக்கச் சொல்லுங்கள். பந்தைக் கண்டு முன் கால் விலகிப் போகிறதா என்பதை எல்லா மேனேஜர்களும் குறித்துக்கொள்வார்கள். அது அச்சத்தின் அடையாளம், ஆனால் சில வாரப் பயிற்சியில் தணியக்கூடியது. கடைசிப் பந்தை அடித்ததும் ஓடச் சொல்லி நேரம் அளக்கும் வழக்கமும் உண்டு. பேஸ்களுக்கு இடையே 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர். ஃபர்ஸ்ட் பேஸில் வந்து நிற்க வேண்டியதில்லை, அதை மிதித்துக் கடந்து ஓடலாம் என்பது தெரியாமல் கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் குறைத்து நேரத்தை இழக்கும் பிள்ளைகள் ஏராளம்.

கிரிக்கெட் ஆடிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைப்பதில் நல்ல அடித்தளம் இருக்கும். இருந்தாலும் சில பழக்கங்கள் குறுக்கே வரும். மட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடுவது அவற்றில் முதன்மையானது: இங்கே அடித்தவுடன் அதைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், தூக்கி வீசவும் கூடாது. இரு வெறும் கைகளால் கிண்ணம் போல் ஏந்திப் பந்தைப் பிடிப்பது இரண்டாவது. கிளவ் எந்தக் கையில் என்பதிலும் குழப்பம் வரும். அது எறியாத கையில்தான் அணியப்படும், எனவே வலக்கையால் எறியும் பிள்ளைக்கு இடக்கைக்கான கிளவ் வாங்க வேண்டும். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்குக் கிளவ்வின் விரல்கள் வானத்தையும், கீழே வரும் பந்துக்குத் தரையையும் நோக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் தினமும் கால் மணி நேரம் பழகினாலே ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பந்தெறியும் பிட்சர் பகுதி பல லீக்குகளில் விருப்பத்திற்கு விடப்படும். என் கணிப்பில், ஓரளவு நேராக எறியக்கூடிய எந்தப் பிள்ளையும் இதில் கை தூக்கத் தயங்கக் கூடாது. லிட்டில் லீக்கில் 9, 10 வயதினர் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேலும், 11, 12 வயதினர் 85 பந்துகளுக்கு மேலும் எறியக் கூடாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தவர் அடுத்த 4 நாட்கள் பிட்சராக இறங்கவே முடியாது. இந்த வரம்பின் விளைவாக ஒரு வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடும் ஓர் அணி, ஒரே ஒரு வேகப்பந்துக்காரரை நம்பிப் பருவத்தை ஓட்ட இயலாது. நான்கைந்து பிட்சர்களாவது வேண்டும். அதனால்தான் 46 அடி தூரத்திலிருந்து பத்தில் ஆறு பந்துகளை நிதானமான வேகத்தில் ஸ்ட்ரைக்காக (அடிக்கக்கூடிய எல்லைக்குள்) போடும் பிள்ளையை மேனேஜர்கள் தேடுகிறார்கள். வேகம் மட்டும் இருந்து பந்து எங்கெங்கோ போகும் பிள்ளை அவர்களுக்குத் தலைவலிதான். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் நிலைக்கும் இதே பஞ்சம் உண்டு. கவசம் போட்டுக்கொண்டு குந்தியிருக்க விரும்பும் பிள்ளைகள் குறைவு என்பதால், ஆர்வத்தோடு முன்வருபவரின் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவார்கள்.

சாதனங்களுக்கு நிறையச் செலவு செய்ய வேண்டாம். மட்டையில் யு.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2018 முதல் அந்தத் தரத்திற்கு உட்பட்ட மட்டைகளே இந்தப் பிரிவுகளில் அனுமதிக்கப்படுகின்றன. இன்னும் வளருவான் என்று கணக்குப் போட்டுப் பெரிய மட்டையாக வாங்கினால், வீச்சு தாமதமாகிப் பந்து கடந்துபோன பின்தான் மட்டை வந்து சேரும். மேஜர் பிரிவு வரை உலோக முள் பதித்த காலணி கூடாது. புதிய கிளவ்வை ட்ரைஅவுட்டுக்கு முந்தின நாள் வாங்கிக் கொடுப்பது வீண். விறைப்பான தோல் மடங்காமல் பந்து வெளியே தெறிக்கும்.

எல்லாம் முடிந்து ஓரிரு நாளில் டிராஃப்ட் நடக்கும். பிளேயர் ஏஜென்ட் என்ற பொறுப்பாளர் முன்னிலையில் மேனேஜர்கள் கூடி, முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் கடைசியாகத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் தேர்ந்தெடுக்கும் பாம்பு வளைவு முறை ஒன்று. முந்தைய ஆண்டில் கடைசி இடம் பெற்ற அணிக்கு முதல் வாய்ப்பு தரும் முறை மற்றொன்று. மேனேஜரின் சொந்தப் பிள்ளை அவரது அணியிலேயே ஆடவும், உடன்பிறந்தோர் ஒரே அணியில் சேரவும் வழி உண்டு. ஆனால் அப்பிள்ளையை எந்தச் சுற்றுக்குள் எடுத்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடும் கூடவே இருக்கும், இல்லையேல் மிகச் சிறந்த ஆட்டக்காரரை ஒருவர் கடைசிச் சுற்றில் இலவசமாகப் பெற்றுவிடுவார். நண்பனோடு ஒரே அணியில் போடுங்கள் என்ற வேண்டுகோள் மேஜர் பிரிவில் பெரும்பாலும் எடுபடாது. எந்தச் சுற்றில் என் பிள்ளை எடுக்கப்பட்டான் என்று கேட்டுத் துருவுவதும் முறையல்ல. நல்ல லீக்குகள் அதை வெளியிடுவதே இல்லை.

ட்ரைஅவுட்டுக்கு வர இயலாத பிள்ளையின் பெற்றோர் முன்கூட்டியே லீக்குக்குத் தெரிவிக்க வேண்டும். பல லீக்குகளில் மாற்று நாள் ஒன்று இருக்கும். காரணமின்றி வராதவர்கள் மேஜர் பிரிவுத் தேர்வுக்கான தகுதியை இழக்கக்கூடும். வந்த பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதே உண்மை. கம்பிவேலிக்கு வெளியிலிருந்து கத்தி அறிவுரை சொல்லும் தந்தையையும் மேனேஜர்கள் கவனிக்கிறார்கள். மூன்று மாதம் அவரோடு பழக வேண்டுமே என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் ஓடாது என்று சொல்வதற்கில்லை.

எதிர்பார்த்த மேஜர் பிரிவு கிடைக்காமல் மைனரில் இடம் வந்தால், 9, 10 வயதுப் பிள்ளைக்கு அது நல்லதாகவே அமையலாம். மேஜரில் தன்னைவிட ஓரடி உயரமானவர்களின் வேகத்திற்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளை, மைனரில் பிட்சராகவும் ஷார்ட்ஸ்டாப்பாகவும் ஆட்டம் முழுதும் நிற்கும். பருவத்தின் நடுவே மேஜர் அணியில் காலியிடம் ஏற்பட்டால் மேலே அழைக்கப்படும் வாய்ப்பும் உண்டு. அப்படி அழைத்து நீங்கள் மறுத்தால் விளைவு என்ன என்பதை அப்போதே பிளேயர் ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிராவல் அணிகளின் ட்ரைஅவுட் பெரும்பாலும் கோடை முடிவில், ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும். பார்க்கும் திறன்கள் அவையேதாம், ஆனால் போட்டி கடுமை. சில அணிகள் அன்றே இடத்தை வழங்கி, அன்றே அல்லது மறுநாளே பதில் கேட்கும். அவசரத்தில் ஒப்புக்கொள்ளுமுன் ஆண்டுக் கட்டணத்தில் சீருடையும் போட்டி நுழைவுத் தொகையும் அடங்குமா, எத்தனை வார இறுதிகள் வெளியூரில், அணியில் மொத்தம் எத்தனை பேர், கட்டாய ஆட்ட நேரம் உண்டா என்பவற்றைக் கேளுங்கள். லிட்டில் லீக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது 6 அவுட்டுகள் விழும் வரை களத்தில் நிற்கவும் ஒரு முறை மட்டை பிடிக்கவும் விதி இடம் தருகிறது. டிராவல் அணியில் அப்படி ஒரு விதி இல்லாமலே இருக்கலாம். பிள்ளை இரண்டிலும் ஒரே பருவத்தில் ஆடுமானால், ஒரு அணிக்காக எறிந்த பந்துகளின் எண்ணிக்கை மற்ற அணியின் பயிற்சியாளருக்குத் தானாகத் தெரியாது. சனிக்கிழமை 70 பந்துகள் எறிந்த கையை ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மைதானத்தில் மீண்டும் இறக்காமல் இருக்க, அந்தக் கணக்கைக் குறித்து வைத்து இரு பயிற்சியாளர்களிடமும் சொல்ல வேண்டியவர் பெற்றோரே.