கென்ஷினிலிருந்து வுதரிங் வேவ்ஸுக்கு: முதல் வாரம் தடுமாறாமல் இருக்க

2024 மே மாதம் வெளிவந்த வுதரிங் வேவ்ஸ் என்ற வீடியோ கேம், 2020-இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் கேமின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. அதனாலேயே கென்ஷின் ஆடியவர்கள் பழைய பழக்கத்தில் கை வைத்துக் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் குலுக்கல், அதாவது கதாபாத்திரங்களையும் ஆயுதங்களையும் அதிர்ஷ்டத்தில் பெறும் முறை. இரண்டிலும் ஒரு இழுப்புக்கு (ஒருமுறை குலுக்க) விளையாட்டின் நாணயமான கற்கள் 160. கென்ஷினில் 90 இழுப்புக்குள் உச்சத் தரமான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் உறுதி, வுதரிங் வேவ்ஸில் 80. விரும்பிய கதாபாத்திரம் முதல் முறை தவறினால் அடுத்தது நிச்சயம். ஆக மோசமான நிலையில் 160 இழுப்பு, அதாவது 25,600 கற்கள். அவ்வளவு சேர்க்காமல் இறங்காதீர்கள். சிறப்பு ஆயுதக் குலுக்கலில் மட்டும் 80-க்குள் அறிவித்த ஆயுதமே வரும், இது பெரிய சலுகை. நிரந்தரக் குலுக்கலில் கற்களைக் கொட்டுவது வீண். அதற்கான சீட்டுகள் விளையாட்டிலேயே கிடைக்கும்.

அடுத்து எக்கோ, அதாவது வீழ்த்திய எதிரிகளிடமிருந்து கிடைத்து, கதாபாத்திரத்துக்கு மாட்டினால் பலம் கூட்டும் பொருள். கென்ஷினில் இதே வேலையைச் செய்யும் ஆர்ட்டிஃபாக்ட் போல ஐந்து இடங்கள்தான், ஆனால் பூ, இறகு என்று பிரிவு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் 4, 3, 1 என விலை உண்டு. கூட்டுத்தொகை 12-ஐத் தாண்டக்கூடாது. 4-3-3-1-1 பெரும்பாலானோருக்குப் பொருந்தும். ஒரே எக்கோவை இருமுறை மாட்டினால் செட் பலனுக்கு (ஒரே தொகுதி எக்கோக்கள் சேர்ந்தால் வரும் கூடுதல் பலம்) ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஐந்தும் மாட்டியும் பலன் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள். எக்கோக்களைப் பதிவு செய்யும் டேட்டா பேங்க்கின் நிலை உயருமுன், உயர்தரமான தங்க எக்கோ தேடி அலைவதும் நேர விரயம்.

கடைசியாக வேவ்பிளேட், அதாவது பரிசுப் பொருட்களைப் பெறச் செலவாகும் ஆற்றல். 6 நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 240 நிரம்ப 24 மணி நேரம். தினமும் ஒருமுறை செலவழித்தால் போதும்.